கின்ட்சுகி வகுப்பு: இரண்டு மணி நேரமா, இரண்டு மாதமா?

ஜப்பான் பயணத்தில் ஒரு பிற்பகலைக் கின்ட்சுகி வகுப்புக்கு ஒதுக்கலாமா என்று யாராவது கேட்டால், எந்த ஊர், என்ன கட்டணம் என்பதற்கெல்லாம் முன்பு நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். ஒட்டி முடித்த கிண்ணத்தில் தேநீர் குடிக்கப்போகிறீர்களா, அலமாரியில் வைத்துப் பார்க்கப்போகிறீர்களா? இதற்குப் பதில் தெரிந்துவிட்டால் பாதி முடிவு எடுத்தாகிவிட்டது. இதை யோசிக்காமல் முன்பதிவு செய்கிறவர்கள்தான், ஊர் திரும்பியபின் அந்தக் கிண்ணத்தில் சூடாக எதையாவது ஊற்றலாமா கூடாதா என்று தவிக்கிறார்கள்.

உடைந்த பீங்கானை உருஷி என்னும் மரப்பாலால் ஒட்டி, ஒட்டிய கோட்டின்மேல் தங்கத் தூளைத் தூவி, உடைப்பை மறைக்காமல் துலக்கிக் காட்டுவது கின்ட்சுகி. எல்லா வகுப்புகளின் அறிமுகமும் இப்படித்தான் தொடங்கும். ஆனால் பயணிகளுக்கு ஒன்றரை மணி நேரத்தில் சொல்லித்தரப்படுவதும், ஒரு கைவினைஞர் தம் பட்டறையில் மாதக்கணக்கில் செய்வதும் பெரும்பாலும் வேறு வேறு பொருள்களால் ஆனவை. இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பத்தைத் தீர்க்க, முதலில் உருஷியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும்.

உருஷி ஏன் இத்தனை நாள் கேட்கிறது

உருஷி மரத்தின் பட்டையைக் கோடையிலிருந்து இலையுதிர்காலம் வரை கீறிக் கீறிப் பாலை எடுக்கிறார்கள். பத்துப் பதினைந்து ஆண்டு வளர்ந்த ஒரு மரம் தன் வாழ்நாளில் தருவது ஏறத்தாழ 200 மில்லிலிட்டர்தான். அந்தப் பருவம் முடிந்ததும் மரத்தை வெட்டிவிடுவார்கள்; வேரிலிருந்து புதிய தளிர் வரும். ஜப்பானில் பயன்படும் உருஷியில் மிகப் பெரும் பகுதி சீனாவிலிருந்து வருகிறது. உள்நாட்டு உருஷியின் பெரும்பங்கு வடக்கே இவாத்தே மாவட்டத்தில் நினோஹே நகரத்தைச் சேர்ந்த ஜோபோஜி பகுதியிலிருந்து கிடைக்கிறது. தேசியப் பொக்கிஷங்களாக அறிவிக்கப்பட்ட கட்டடங்களின் புதுப்பிப்புக்கு உள்நாட்டு உருஷியையே பயன்படுத்த வேண்டும் என்று ஜப்பானின் பண்பாட்டுத் துறை 2015-இல் முடிவெடுத்த பிறகு அதன் தேவை இன்னும் கூடிவிட்டது. அசல் உருஷி வகுப்பின் கட்டணம் கூடுதலாக இருந்தால் அதில் ஏமாற்று எதுவும் இல்லை.

இந்தப் பால் காய்ந்து கெட்டியாவதில்லை. அதில் உள்ள லாக்கேஸ் என்ற நொதி, காற்றின் ஈரத்தில்தான் வேலை செய்து அதை இறுக்குகிறது. யோஷிதா ஹிகோரோகுரோ என்ற ஜப்பானிய வேதியியலாளர் 1883-இல் இந்த நொதியின் வேலையை விளக்கினார். 20 முதல் 30 டிகிரி வெப்பமும் 70 முதல் 85 சதவீத ஈரப்பதமும் இருந்தால் உருஷி நன்றாக இறுகும். அதற்காகப் பட்டறைகளில் 'முரோ' என்ற ஈரப்பெட்டி வைத்திருக்கிறார்கள். விசிறியோ வெயிலோ இந்த வேலையை விரைவாக்காது.

படிகளைப் பார்த்தால் காலக்கணக்கு தானே புரியும். கோதுமை மாவையும் பச்சை உருஷியையும் (பதப்படுத்தாத பாலை) குழைத்த பசையால் சில்லுகளை ஒட்டி, ஒன்றிரண்டு வாரம் ஈரப்பெட்டியில் வைக்க வேண்டும். பிறகு நுண்ணிய களிமண் தூளை உருஷியோடு சேர்த்து இடைவெளிகளை நிரப்பி, இறுகியதும் தேய்த்துச் சமன்செய்து, குறை இருந்தால் மறுபடி நிரப்ப வேண்டும். அதன்மேல் கறுப்பு உருஷி. அது இறுகியபின் இரும்புச் செம்மண் கலந்த சிவப்பு உருஷியால் மெல்லிய கோடு வரைந்து, அது பாதி இறுகிப் பிசுபிசுக்கும் பதத்தில் தங்கத் தூளைத் தூவ வேண்டும். மீண்டும் ஈரப்பெட்டி, பிறகு மெருகேற்றம். மெருகேற்ற அகேட் கல்லையோ கடல்மீன் பல்லையோ பயன்படுத்துகிறார்கள். எப்படிக் குறைத்தாலும் ஒரு மாதத்துக்குக் கீழே வராது. மூன்று மாதம் ஆவது சாதாரணம்.

ஆகவே இரண்டு மணி நேரத்தில் தொடங்கி முடித்து, அன்றைக்கே கையில் கொடுத்தனுப்பும் எந்த வகுப்பிலும் ஒட்டும் பொருள் உருஷியாக இருக்க வழியில்லை.

ஒரே நாளில் முடியும் எளிய வகுப்பு

தோக்கியோ, கியோத்தோ இரண்டிலும் மிக எளிதாகக் கிடைப்பது இதுதான். கட்டணம் பெரும்பாலும் 5,000 யென்னிலிருந்து 15,000 யென்னுக்குள் இருக்கும். ஆங்கிலத்தில் சொல்லித்தரும் ஆசிரியர்கள் இருப்பார்கள், உடைந்த தட்டோ கிண்ணமோ அவர்களே தந்துவிடுவார்கள். ஒட்டுவதற்கு எப்பாக்ஸி பசை, நிரப்புவதற்கு எப்பாக்ஸிக் களி, மேலே 'ஷின்-உருஷி' என்ற செயற்கைப் பூச்சு, அதன்மேல் பித்தளைத் தூள் அல்லது சில இடங்களில் உண்மையான தங்கத் தூள்.

இந்த ஷின்-உருஷி, பெயரில் மட்டுமே உருஷி. தூண்டில் கழிகளுக்குப் பூசப் பயன்பட்ட, தாவர எண்ணெய் சார்ந்த வண்ணப்பூச்சு இது; உணவுப் பாத்திரத்துக்கென்று செய்யப்பட்டதல்ல. பித்தளைத் தூளோ சில காலத்தில் மங்கும். பூந்தொட்டி, ஊதுபத்தித் தட்டு, மோதிரம் கழற்றி வைக்கும் சிறு தட்டு போன்றவற்றுக்கு இதனால் எந்தத் தீங்கும் இல்லை. சூடான தேநீர்க் கிண்ணத்துக்கோ குழம்பு ஊற்றும் தட்டுக்கோ நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். உணவுக்கு ஏற்ற பசையையும் பூச்சையும் பயன்படுத்துவதாகச் சில பட்டறைகள் தெளிவாக அறிவிக்கின்றன. அங்கே கேட்டு உறுதிசெய்துகொள்ளலாம்.

குழந்தைகளோடு போகிறவர்களுக்கு நான் தயக்கமில்லாமல் சொல்வது இந்த வகுப்பைத்தான். பத்து வயதுப் பிள்ளை சில்லுகளைப் பொருத்திப் பார்த்து, எது எங்கே சேரும் என்று கண்டுபிடிக்கும் அந்த அரை மணி நேரத்துக்கே கட்டணம் தகும். பயணத்தில் ஒரு மழைநாள் வீணாகாமல் இருக்கவும் இது நல்ல வழி. நடத்துகிறவர்கள் 'கன்-இ கின்ட்சுகி', அதாவது எளிய முறை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால் அதில் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. சொல்லாமல் நூற்றாண்டுகளின் மரபு என்று விற்கும் இடங்களைத் தவிர்த்துவிடுங்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பயிற்சிக்காக நல்ல புதுத் தட்டைத் துணியில் சுற்றி, பயணியின் கையில் சுத்தியலைக் கொடுத்து உடைக்கச் சொல்லும் வகுப்புகள் உண்டு. எனக்கு இது உறுத்துகிறது. ஒரு பொருள் உடைந்துபோய், அதைத் தூக்கியெறிய மனம் வராத ஒருவரிடமிருந்து தொடங்குகிற கலை இது. ஒட்டுவதற்காகவே உடைக்கும்போது அந்தத் தொடக்கம் இல்லாமல் போகிறது. படம் எடுக்க மட்டும் பயன்படும்.

உங்களிடம் உடைந்த பொருள் எதுவும் இல்லையென்றால் அதற்கு வழி கியோத்தோவிலேயே இருக்கிறது. ஒவ்வொரு மாதமும் 21-ஆம் தேதி தோஜி கோயிலிலும் 25-ஆம் தேதி கித்தானோ தென்மாங்கு ஆலயத்திலும் பழம்பொருள் சந்தை கூடுகிறது. சோபா நூடுல்ஸுக்குச் சாறு ஊற்றிவைக்கும் சிறிய பழைய பீங்கான் கோப்பைகள், விளிம்பில் ஒரு சிறு துண்டு பெயர்ந்த நிலையில், முழுக் கோப்பையைவிடக் குறைந்த விலைக்கு அங்கே கிடைக்கும். ஏற்கனவே யாரோ பயன்படுத்திச் சிதைந்த பொருள் அது. வகுப்புக்கு ஏற்றதும் அதுதான், ஏனென்றால் பல துண்டாக உடைந்ததைவிட விளிம்பு பெயர்ந்ததைச் சரிசெய்வது எளிது.

அசல் உருஷி, ஆனால் கடைசிப் படி மட்டும்

ஒரு வாரம் பத்து நாள் பயணத்தில் போகிறவருக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். இதை நடத்தும் இடங்கள் குறைவு. தேடித்தான் பிடிக்க வேண்டும். ஒட்டுவது, நிரப்புவது, கறுப்பு உருஷி பூசுவது எல்லாவற்றையும் பட்டறையே முன்கூட்டிச் செய்து இறுக்கி வைத்திருக்கும். நீங்கள் செய்வது சிவப்பு உருஷிக் கோடும் தங்கத் தூளும் மட்டும்.

இதை அரைகுறை அனுபவம் என்று நினைக்க வேண்டியதில்லை. உண்மையில் கைத்திறன் முழுவதும் கோருவது இந்தப் படிதான். நீண்ட மெல்லிய மயிர்த் தூரிகையில் உருஷியைத் தொட்டு, விரிசலின் போக்கிலேயே, ஒரே சீரான மென்மையில் இழுக்க வேண்டும். உருஷி அதிகமானால் தங்கம் அதற்குள் அமிழ்ந்து நிறம் மங்கும். குறைந்தால் தங்கம் பிடிக்காது. பிறகு காத்திருக்க வேண்டும். வாயருகே கொண்டுபோய் மெல்ல ஊதிப் பார்த்து, பூச்சின்மேல் மூச்சின் ஆவி எப்படிப் படிகிறது என்பதிலிருந்து பதம் பார்ப்பவர்கள் உண்டு. பதம் வந்ததும் பட்டுப் பஞ்சில் தங்கத் தூளைத் தொட்டுத் தொட்டு ஒற்ற வேண்டும். சிவப்புக் கோடு பொன்னாக மாறும் அந்தக் கணம், பித்தளைத் தூளில் வராது. தங்கத்தின் நிறம் அதைவிட அடங்கியது, ஆழமானது. ஒரு கிண்ணத்துக்கு ஆகும் தங்கம் கிராமில் சிறு பங்குதான் என்றாலும், தூளாக்கிய தங்கத்தின் விலை உருக்கிய தங்கத்தைவிட அதிகம் என்பதால் கட்டணத்தில் அது தெரியும்.

இந்த வகுப்பில் சிக்கல் இரண்டு. முதலாவது, முடித்த கிண்ணம் அன்றைக்கே உங்கள் கைக்கு வராது. சில நாள் ஈரப்பெட்டியில் இருக்க வேண்டும். பயணத்தின் தொடக்கத்தில் வகுப்புக்குப் போய், ஊர் சுற்றிவிட்டுக் கடைசியில் வாங்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் அஞ்சலில் அனுப்பச் சொல்லலாம். வெளிநாட்டுக்கு அனுப்புவார்களா என்று முன்பே கேட்டுவிடுங்கள்.

இரண்டாவது சிக்கல் தோல். இதைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த குடும்பம். உருஷி மரம், மா, முந்திரி, சேராங்கொட்டை நான்கும் ஒரே தாவரக் குடும்பம். மாங்காய்க் காம்பை ஒடித்ததும் பீறிடும் பால் பட்டு உதட்டோரம் புண்ணாவது, பச்சை முந்திரிக்கொட்டையின் ஓட்டு எண்ணெய் பட்டுக் கை வெந்துபோவது, சேராங்கொட்டைப் பால் பட்டுத் தடிப்பது ஆகியவற்றுக்குக் காரணமான பொருள்கள் உருஷியில் உள்ள உருஷியோல் என்ற பொருளுக்கு வேதியியலில் நெருங்கியவை. மாம்பாலுக்குத் தோல் சிவக்கும் என்று தெரிந்தவர்கள் அசல் உருஷி வகுப்பைத் தவிர்ப்பதே நல்லது. அவர்களுக்கு எப்பாக்ஸி வகுப்புதான் பாதுகாப்பு. அதற்கும் கையுறை வேண்டும் என்பது வேறு விஷயம்.

மற்றவர்களுக்கும் உத்தரவாதம் கிடையாது. உருஷித் தடிப்பு உடனே தெரியாது. ஓரிரு நாள் கழித்துத்தான் அரிப்பும் கொப்புளமும் வரும், வந்தால் ஒன்றிரண்டு வாரம் இருக்கும். வகுப்பைப் பயணத்தின் கடைசி நாளில் வைத்தால் அரிப்பு ஊருக்கு வந்தபின் வரும், ஆனால் கிண்ணம் இறுக நாள் இருக்காது. முதல் நாளில் வைத்தால் கிண்ணம் தயாராகிவிடும், அரிப்பு வந்தால் பயணம் முழுக்கக் கூடவே வரும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால், தோல் ஒவ்வாமை எதுவும் இல்லாதவர்கள் தொடக்கத்திலேயே போங்கள் என்பேன். முழுக்கைச் சட்டை, நைட்ரைல் கையுறை, கையுறையின் விளிம்பு சட்டைக் கைக்குள் போகாமல் மேலே இருப்பது ஆகிய மூன்றையும் கவனித்தால் பெரும்பாலான தொல்லை தவிர்ந்துவிடும். தோலில் பட்டுவிட்டால் தண்ணீரை ஊற்றாமல், முதலில் சமையல் எண்ணெய் தொட்டுத் துடைத்து, அதன்பின் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பட்டறைகளில் எண்ணெய்ப் புட்டி வைத்திருப்பது இதற்காகத்தான். முழுக்க இறுகிய உருஷி தோலையோ உணவையோ எதுவும் செய்யாது. ஜப்பானியர்கள் நூற்றாண்டுகளாகச் சூப் குடிக்கும் மரக்கிண்ணங்களின் பூச்சு அதுதான்.

தொடர் வகுப்பு

வேலைக்காகவோ படிப்புக்காகவோ பிள்ளைகளைப் பார்க்கவோ சில மாதம் ஜப்பானில் தங்குகிறவர்களுக்கு இது வாய்ப்பது பெரிய கொடுப்பினை. மாதம் ஒன்றிரண்டு முறை கூடும் வகுப்பில் ஒவ்வொருவரும் தங்கள் வீட்டில் உடைந்ததைக் கொண்டுவருவார்கள். ஒரே நேரத்தில் நான்கைந்து பொருள்களை வெவ்வேறு படிகளில் வைத்துக்கொண்டு வேலை செய்வார்கள். ஒன்று இறுகும்போது இன்னொன்றைத் தேய்ப்பார்கள். பாட்டியின் அரிசிக் கிண்ணம், திருமணத்துக்கு வந்த தேநீர்க் குடுவை என்று ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வீடு இருக்கும். பேச்சு ஜப்பானிய மொழியில்தான் நடக்கும். மொழி தெரியாதவர்களும் கையைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம், ஆனால் பொறுமை இரட்டிப்பாக வேண்டும். இரண்டு வாரப் பயணிக்கு இது பொருந்தாது என்பதால் இதோடு விடுகிறேன்.

ஊரைப் பற்றி ஒரு குறிப்பு

ஆங்கில வகுப்புக்குத் தோக்கியோவும், சந்தையில் பழைய கோப்பை வாங்கி வகுப்புக்கு எடுத்துப்போகக் கியோத்தோவும் ஏற்றவை. கானசாவா போகிறவர்கள் அங்கே கின்ட்சுகியைத் தேடுவதைவிடத் தங்கத் தகடு ஒட்டும் வகுப்பை எடுப்பது நல்லது என்பது என் எண்ணம். ஜப்பானின் தங்கத் தகட்டில் 99 சதவீதம் வரை அந்த ஊரில்தான் செய்யப்படுகிறது. ஒரு மணி நேரத்தில் ஒரு சிறு பெட்டியிலோ உண்ணும் குச்சிகளிலோ ஒட்டி, அன்றைக்கே எடுத்துவரலாம். ஆனால் கின்ட்சுகிக்கு வேண்டியது தகடல்ல, தூள். இரண்டையும் ஒன்றென்று எண்ணிப் போக வேண்டாம். உருஷிப் பாத்திரங்களுக்குப் பேர்போன வாஜிமா 2024 ஜனவரி 1 நிலநடுக்கத்திலும் தீயிலும் பெரும் அழிவைச் சந்தித்த ஊர். அங்கே போக விரும்பினால் எந்தப் பட்டறை திறந்திருக்கிறது என்று உறுதிசெய்துகொண்டு போங்கள். அங்கே செலவழிக்கும் பணம் உரிய கைகளுக்குப் போகும்.

வகுப்பே எடுக்காமல்

கைவேலையில் நாட்டமில்லாத ஒருவரை, நண்பர்கள் போகிறார்கள் என்பதற்காக வகுப்பில் உட்காரவைப்பதில் பயனில்லை. அந்தப் பிற்பகலை அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாம். தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் 'பகோஹான்' என்ற செலடன், அதாவது இளம்பச்சை மெருகிட்ட தேநீர்க் கிண்ணம் இருக்கிறது. சீனாவின் லோங்சுவான் சூளையில் 13-ஆம் நூற்றாண்டில் சுடப்பட்டது. அது விரிசல் விட்டபோது ஜப்பானை ஆண்ட ஷோகன் (படைத்தலைவர்) அஷிகாகா யோஷிமாசா அதேபோல் இன்னொன்று கேட்டுச் சீனாவுக்கு அனுப்பினார் என்றும், அப்படி ஒன்று இனிக் கிடைக்காது என்று உலோகத் தையல் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது. கின்ட்சுகி பிறந்த கதையாகப் பல வகுப்புகளில் இதைச் சொல்வார்கள். கிண்ணத்தை நேரில் பார்த்தால் அதில் தங்கம் இல்லை, இரும்புத் தையல்தான் இருக்கிறது என்பது தெரியும்.

தங்கத்தைப் பார்க்க வேண்டுமென்றால் தோக்கியோவின் ஹத்தக்கேயாமா அருங்காட்சியகத்தில் உள்ள 'செப்போ'வைப் பாருங்கள். ஹொனாமி கோயெத்சு (1558–1637) கையால் செய்த சிவப்பு ராக்கு (தேநீர்ச் சடங்குக்கான ஒருவகை மண்பாண்டம்) கிண்ணம். சூளையில் சுடும்போதே வெடித்த பிளவுகளில் தங்கம் ஓடுகிறது. ஒரு வகுப்பில் கோடு வரைந்தவருக்கு அந்தக் கோட்டின் துணிவு இன்னும் நன்றாகப் புரியும், ஆகவே வகுப்புக்குப் போகிறவர்களும் முடிந்தால் இதைப் பார்த்துவிடுங்கள். இரண்டு கிண்ணங்களும் எப்போதும் காட்சியில் இருப்பதில்லை. போகும் மாதத்தின் காட்சிப் பட்டியலைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் ஒரு பொருள் உடைந்து கிடக்கிறது, அதை விமானத்தில் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவர அச்சமாக இருக்கிறது என்பவர்களுக்கு உருஷிக் கருவிப் பெட்டி இருக்கிறது. பச்சை உருஷி, களிமண் தூள், தூரிகை, தங்கத் தூள் எல்லாம் சேர்ந்தே விற்கிறார்கள். ஜப்பானில் ஒரு கடைசிப்படி வகுப்பை எடுத்துக் கையைப் பழக்கிக்கொண்டு, பெட்டியை வாங்கிவந்து வீட்டில் மெதுவாகச் செய்வது நான் பார்த்த வரையில் மிகச் சிறந்த ஏற்பாடு. நம் பருவநிலை இதற்கு எதிரியல்ல. ஜப்பானியர்கள் குளிர்காலத்தில் ஈரத்துணியும் சூடும் வைத்துப் பெட்டிக்குள் உருவாக்கும் காற்று, சென்னையிலும் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் ஆண்டில் பல மாதம் சும்மாவே வீசுகிறது. குளிர்சாதன அறையில் மட்டும் வைக்காதீர்கள். அது ஈரத்தை உறிஞ்சிவிடும். மதுரை, கோவை போன்ற கடலிலிருந்து விலகிய ஊர்களில் கோடையில் செய்தால், மூடியுள்ள அட்டைப்பெட்டிக்குள் நனைத்துப் பிழிந்த துணியை வைத்தால் போதும்.

முன்பதிவுக்கு முன் எந்த இடத்திலும் கேட்க வேண்டியவை சில உண்டு. "ஹொன்-உருஷியா?" என்று கேட்டால் அசல் உருஷியா என்பது அவர்களுக்குப் புரியும். தூள் 'ஜுன்-கின்' என்றால் தூய தங்கம், 'ஷின்சூ' என்றால் பித்தளை. சொந்தப் பொருளைக் கொண்டுவரலாமா, உணவுக்குப் பயன்படுத்தலாமா, எப்போது கைக்கு வரும் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். தயங்காமல் பதில் சொல்லும் இடமே நல்ல இடம். பதிலுக்குப் பதிலாகத் தத்துவம் வந்தால் வேறு இடம் பாருங்கள்.

கொண்டுவரும்போது கிண்ணத்தைக் கைப்பையில் வையுங்கள். கருவிப் பெட்டி வாங்கினால், தூரிகை கழுவும் டர்பன்டைன் அதில் இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். தீப்பற்றும் திரவம் என்பதால் அதைக் கைப்பையிலும் கொண்டுவர முடியாது, சரக்குப் பெட்டியிலும் கொண்டுவர முடியாது. அதைத் தவிர்த்து வாங்கி, டர்பன்டைனை ஊரில் வண்ணப்பூச்சுக் கடையில் வாங்கிக்கொள்ளலாம். உருஷிக் குழாயை ஏற்றுவது பற்றி விமான நிறுவனத்திடம் முன்பே கேட்டுவிடுவதும் நல்லது. புதிதாக முடித்த உருஷிக் கிண்ணத்தில் ஒரு மாதமாவது எதையும் ஊற்றாமல் காற்றாட வைத்துவிட்டு, அதன்பின் மென்மையான துணியால் கையால் மட்டும் கழுவிப் பயன்படுத்துங்கள். மைக்ரோவேவ் அடுப்புக்குள் அதை ஒருபோதும் வைக்கக் கூடாது. தங்கக் கோடு பொறி கக்கும்.